ஒலிக்குத் தண்ணீர் வேண்டும்

நேபாள மலைமாவட்டமான காலிகோட்டில் எங்கள் பக்கத்துக் கர்ப்பிணிகள் யாரைக் கேட்டாலும் என் தங்கை நந்தகலாவைச் சொல்வார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அவள் நர்ஸுக்குப் படித்து, ஸ்கேன் பார்க்கவும் தனியாகப் பயிற்சி எடுத்தவள். அவள் வேலை பார்க்கும் சுகாதார நிலையத்தில் நான் பெருக்கித் துடைக்கிறேன். ஸ்கேன் கருவியைத் துடைத்து உறையில் போடுவதும் நான்தான். வேறு யாரையும் தொட விடமாட்டேன்.

பயப்படும் பெண்களுக்கு அவள் சொல்வது எனக்கு மனப்பாடம்.

"எதிர்மலையைப் பாத்துக் கூப்பிட்டா சத்தம் திரும்பி வருதில்ல? கிட்ட இருந்தா சட்டுனு வரும், தூரமா இருந்தா லேட்டா வரும். இதுவும் அதுதான். நம்ம காதுக்குக் கேக்காத சத்தம், அவ்வளவுதான்."

தோலுக்கும் கருவிக்கும் நடுவே துளி காற்று இருந்தாலும் ஒலி உள்ளே போகாமல் திரும்பிவிடும். அதற்குத்தான் பசை. எலும்பு மறித்தால் பின்னால் நிழல் விழும். தண்ணீரில் மட்டும் தடையில்லாமல் போகும். அதனால் கருப்பையின் அடிப்பகுதியைப் பார்க்க மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும்.

போன வருடம், புருஷனுக்காகப் பெண்கள் இருக்கும் தீஜ் விரதத்தன்று தனசராவைக் கோயிலிலிருந்து தூக்கி வந்தார்கள். எட்டு மாதக் கர்ப்பம். புருஷன் கத்தாரில் கட்டட வேலையில் இருந்தான். காலையிலிருந்தே ரத்தம் போயிருக்கிறது. அன்று எல்லாப் பெண்களும் சிவப்புச் சேலை. அவளும் அப்படித்தான். கோயிலில் மற்றவர்களோடு ஆடிக்கொண்டிருந்தவள் சரிந்து விழும்வரை ஒருவர் கண்ணிலும் ரத்தம் படவில்லை.

நந்தகலா கையால் சோதிக்கவில்லை. நச்சுக்கொடி கருப்பை வாயை மூடியிருந்தால் விரல் பட்டதும் ரத்தம் கொட்டிவிடும் என்றாள். மூடியிருந்தால் அறுவைதான் வழி, மாவட்ட ஆஸ்பத்திரிக்குத் தூக்கியாக வேண்டும். மழையில் பாதை சரிந்து கிடந்தது. அந்த மேகத்தில் ஹெலிகாப்டரும் வராது. மூடவில்லையென்றால் அந்தச் சரிவில் அவளை அலைக்கழிக்காமல் இங்கேயே பிரசவம் பார்க்கலாம். போவதா இருப்பதா என்று வெளியே தூக்குப் படுக்கையோடு நின்ற ஆண்கள் கேட்டபடி இருந்தார்கள்.

திரையில் குழந்தையின் தலை தெரிந்தது. அதன் பின்னால் வெறும் நிழல். மூத்திரப்பை வற்றிக் கிடந்தது. புருஷன் ஆயுளுக்காக நாங்கள் எல்லோரும் முந்தின இரவிலிருந்து பச்சைத் தண்ணீர் தொடாமல் இருந்தோம். நந்தகலா செம்பை நீட்டினாள்.

"மாட்டேன் அக்கா. அவரு அங்க சாரத்துல நின்னு வேலை பாக்குறாரு. நான் குடிச்சு, அவரு விழுந்தா?"

"வயித்துல புள்ளையோட விரதம் வேண்டாம், பழமாவது தின்னுன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன்," என்றாள் கூட வந்திருந்த அவள் மாமியார். "பெத்தவளைவிட இவதான் என் மகனுக்குக் காவலாம்."

கையில் சலைன் ஏற்றியதையும் தனசரா பிடுங்கப் பார்த்தாள். நான் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். அது இறங்கி மூத்திரப்பை நிறையும்வரை ரத்தம் காத்திருக்காது. நந்தகலா தொங்கிய சலைன் பாட்டிலை ஒருமுறை பார்த்தாள். பிறகு மூத்திரக் குழாயை எடுக்கச் சொன்னாள்.

"அத்தை, விரதம் வாய்க்குத்தானே?"

மாமியார் யோசித்தாள்.

"வாய்க்குத்தான். கீழ எந்தப் பூசாரி வந்து பாக்கப்போறான்?"

அந்த வலியிலும் தனசராவின் உதடு லேசாகக் கோணியது. கையை இழுப்பதை நிறுத்தினாள்.

குழாய் வழியே சலைனை மூத்திரப்பைக்குள் விட்டபோது திரையில் ஒரு கறுப்புக் குளம் விரிந்தது. நிழலும் கறுப்பு, தண்ணீரும் கறுப்பு. ஆனால் தண்ணீருக்குப் பின்னால் இருப்பது பளிச்சென்று தெரியும். தெரிந்தது. நச்சுக்கொடி வாயை முழுக்க அடைத்திருந்தது.

"தூக்குங்க," என்றாள் நந்தகலா.

சலைன் பாட்டிலை உயர்த்திப் பிடித்தபடி நான் கூட நடந்தேன். மண்சரிவில் காலடி நிற்கவில்லை. ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து படுக்கையை மடிமேல் மாற்றி மாற்றிக் கடத்தினார்கள். பாதி வழியில் தனசரா பேச்சை நிறுத்திவிட்டாள். நந்தகலா அவள் மணிக்கட்டை விடவே இல்லை. நாடி இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் உடனே அறுத்தார்கள். தூக்கி வந்தவர்களில் ஒருவன் ரத்தம் கொடுத்தான். பெண் குழந்தை. அழுவதற்கே வெகுநேரம் எடுத்தது.

விடிந்ததும் விரத நேரம் முடிந்தது. கண் விழித்த தனசரா முதலில் கேட்டது தண்ணீர். அறுவை முடிந்தவளுக்கு இப்போது ஒரு சொட்டுகூடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

"நேத்து குடி குடின்னு உன் காலைப் பிடிக்காத குறை," என்று நந்தகலா பஞ்சை நனைத்து அவள் உதட்டில் வைத்தாள்.

தனசரா அதை விடாமல் கவ்விக்கொண்டாள்.