சிவப்புப் பூச் சட்டை

மகள் வாங்கித் தந்த சாம்பல் நிறச் சேலையை வைக்க அலுமாரியைத் திறந்தேன். பூச்சி உருண்டை மணம் என்னை நான் பிறந்து வளர்ந்த ஓர்ஸ் ஹில் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டது. அப்போது எனக்கு ஏழு வயது.

அமெரிக்காவிலிருந்து மாதா கோயிலுக்கு வரும் பழைய உடுப்பு மூட்டைகளை அம்மாவும் பெரியம்மாவும் எங்கள் வீட்டில் பிரிப்பார்கள். மங்கல் நிறம் கிழவிகளுக்கு, பூப்போட்டது கலியாணமாகாத குமர்ப்பிள்ளைகளுக்கு. அன்று கையகலச் சிவப்புப் பூக்களோடு ஒரு நீளப் பெண்கள் சட்டை வந்தது. அதைக் குமர்ப்பிள்ளைகளின் பக்கம் வைத்தார்கள். நான் அதன் பைக்குள் கைவிட்டேன். வாசிக்கிற கண்ணாடியும் நரைமுடி சிக்கிய கொண்டை ஊசியும் வந்தன.

"இது கிழவியின்ர சட்டையெல்லோ," என்றார் பெரியம்மா. "அங்க கிழவியளும் பூப்போட்டு உடுக்கினமோ?"

அம்மா, அப்பா இறந்த பிறகு வெள்ளை மட்டுமே உடுத்தவர். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு. சட்டையை மெல்லத் தோளோடு பிடித்துப் பார்த்தார்.

பெரியம்மா எழுந்து யன்னலைச் சாத்தினார். "ஒருக்காப் போட்டுப் பாரடி."

"ஏலாது அக்கா," என்றபடியே அம்மா அதைப் போட்டார். யன்னல் இடுக்கால் வந்த துறைமுக வெளிச்சத்தில் பூக்கள் அசைந்தன. கப்பலொன்று ஊதும்வரை அம்மா கண்ணாடி முன்னால் நின்றார். பிறகு கழற்றி மடித்து, கிழவிகளின் பக்கம் வைத்தார்.

"உங்கட வயசுக்கு இந்த நிறம்தானே அம்மா வடிவு?" என்று, நான் சாம்பல் சேலையோடு அலுமாரியடியில் நிற்பதைப் பார்த்த மகள் கேட்டாள்.

"இதைக் கடையில குடுத்து மாத்திக்கொண்டு வா பிள்ளை," என்றேன். "சிவப்புப் பூப்போட்டது இருக்கோ எண்டு கேள்."