கடிதத்தில் வெட்டிய இலைகள்

யூலை மாதக் கடைசியில் என் வலது கையின் இரண்டு விரல்கள் மெஷினுக்குள் போய்விட்டன. பிரெஞ்சு பேசும் எங்கள் நகரத்தின் சென்ட் லோரன்ட் பகுதியில் அட்டைப்பெட்டி செய்யும் ஒரு தொழிற்சாலையில் அப்போது எனக்குப் பின்னேர வேலை. உருளைக்குள் பெட்டி சிக்கினால் மெஷினை நிறுத்திவிட்டுத்தான் எடுக்கவேண்டும் என்று முதல் நாளே சொல்லித் தந்திருந்தார்கள். நான் நிறுத்தவில்லை. விரல்கள் தப்பின. ஆனால் அவற்றை மடக்குகிற நார்கள் அறுந்துபோக, டொக்டர்கள் தைத்துப் பொருத்தினார்கள். ஆறு கிழமையாகக் கை ஒரு பிளாஸ்டிக் அச்சுக்குள் கிடந்தது.

செப்டம்பர் நடுப்பகுதியில் அச்சைக் கழற்றினார்கள். கைக்குப் பயிற்சி கொடுக்கிற பெண் எனக்காக பிரெஞ்சை மெதுமெதுவாகப் பேசுவாள், நான் விழித்தால் ஆங்கிலத்துக்கு மாறுவாள். இரண்டாவது முறை போனபோது பிள்ளைகள் பாவிக்கும் சின்னக் கத்தரிக்கோல் ஒன்றையும் செம்மஞ்சள் கடதாசிக் கட்டு ஒன்றையும் மேசையில் வைத்தாள். வெட்டு, மடி, மடித்த இடத்தை நகத்தால் அழுத்து என்றாள். ஒரு நாளைக்கு மூன்று தடவை, களைக்கும் வரை. இது பிள்ளைகளின் வேலையல்லவா என்று கேட்டேன். பிள்ளைகள் செய்கிற வேலைதான் விரல்களுக்கு மிகவும் கடினம், அதனால்தான் அவர்கள் நாக்கைக் கடித்துக்கொண்டு செய்கிறார்கள் என்றாள்.

எங்கள் வீடு லாசால் என்ற பகுதியில், நாலு மாடிக் கட்டடத்தில், இரண்டாவது மாடி. மனைவி ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்தாள். விடியப் புறப்பட்டால் நாலு மணிக்கு வருவாள். நான் பின்னேர வேலைக்குப் போய்வந்த நாலு வருடமும், கிழமை நாட்களில் நாங்கள் இருவரும் ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. குளிர்பெட்டிக் கதவில் துண்டு எழுதி ஒட்டுவோம். பால் முடிந்தது. பிள்ளைக்கு நாளைக்கு ஊசி. அப்படி. அதில் எங்களுக்கு மனவருத்தம் ஒன்றும் இருக்கவில்லை. எல்லா வீடும் அப்படித்தான் ஓடுகிறது என்று நினைத்திருந்தேன்.

முதல் இரண்டு நாளும் நான் வெட்டியதை மகள் கூடப் பார்க்க விரும்பவில்லை. அவளுக்கு ஏழு வயது. கத்தரிக்கோலின் வளையத்துக்குள் சுட்டுவிரல் போகும், ஆனால் மூடாது. தாளை வெட்டுவதற்குப் பதிலாகக் கடித்துத் துப்பியது போல வரும். மூன்றாம் நாள் மடிப்பதற்கு மாறினேன். பயிற்சிப் பெண் காட்டித் தந்த இலை அது. சதுரத் தாளை மூலைக்கு மூலை வெட்டினால் இரண்டு முக்கோணம். ஒரு முக்கோணத்தை எடுத்து, அகன்ற பக்கத்திலிருந்து கூர்ப்பக்கம் வரை முன்னும் பின்னுமாக விசிறி போல மடிக்கவேண்டும். பிறகு அந்த விசிறியை நடுவால் வளைத்து, சந்திக்கிற இரண்டு ஓரங்களையும் பசையால் ஒட்டவேண்டும். விரித்துவிட்டால் நடுநரம்பும் பக்க நரம்புகளுமாக ஒரு இலை. எனக்கு முதல் இலைக்கு அரை மணித்தியாலம் எடுத்தது. அதை யன்னல் விளிம்பில் நிறுத்திவிட்டுப் போய்த் தேத்தண்ணீர் போட்டேன். திரும்பி வந்து பார்த்தபோது, அது நான் செய்தது என்று நம்பச் சற்று நேரம் பிடித்தது.

அதற்குப் பிறகு பயிற்சி என்பது மறந்துபோய்விட்டது. செம்மஞ்சள் கடதாசி இரண்டு நாளில் முடிந்தது. ஒவ்வொரு கிழமையும் கட்டடத்து வாசலில் வந்து கிடக்கிற கடைகளின் விளம்பரத் தாள்களை எடுத்துவந்தேன். இலையுதிர்காலத்தில் அந்தத் தாள்களே பழுத்துத்தான் வரும். பூசணிக்காய், அப்பிள், பன்றித்தொடை, மரக்கதிரை என்று எல்லாம் சிவப்பும் மண்ணிறமுமாக இருக்கும். மடித்துவிட்டால் தூரத்திலிருந்து அசல் மேப்பிள் நிறம். கிட்டப்போய்ப் பார்த்தால்தான் ஒரு இலையில் கோழிக்காலும் இன்னொன்றில் சவர்க்காரமும் தெரியும்.

கோப்பி வடிக்கிற வெள்ளைக் கடதாசிகளை மஞ்சள் தண்ணீரில் தோய்த்துக் காயவைத்தேன். அது நல்ல பளிச்சென்ற மஞ்சள். ஆலாத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேரும்போது சிவக்குமே என்று யோசித்து, சுண்ணாம்பு இல்லாததால் அப்பச்சோடாவைக் கரைத்து விளிம்பில் தொட்டேன். விளிம்பு கண்முன்னே செம்மஞ்சளாகி, பிறகு செங்கல் நிறத்துக்கு இறங்கியது. அன்று மகள் பள்ளியால் வந்து சப்பாத்துக் கழற்றாமலே மேசையில் ஏறி இருந்துவிட்டாள்.

அக்டோபர் தொடங்கும்போது யன்னல் முழுவதும் நூலில் இலைகள் தொங்கின. வாசல் கதவின் உட்பக்கத்தில் ஒரு வளையம். மேசை நடுவில் நாலைந்து கடதாசிப் பூசணிக்காய். கடதாசியை நீள நீளக் கீலங்களாக வெட்டி, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, நடுவில் ஒரு ஊசியால் குத்தி, நுனிகளை மேலே சேர்த்துக் கட்டினால் உருண்டையாக வந்துவிடும். மனைவி வேலையால் வந்ததும் இவற்றைப் பார்ப்பாள், வடிவாக இருக்கிறது என்பாள், குசினிக்குப் போவாள். அவளுக்கு இது பிடிக்கவில்லையோ, ஆம்பிளை வீட்டிலிருந்து தாள் மடிக்கிறான் என்று மனதுக்குள் நினைக்கிறாளோ என்று எனக்கு ஒரு கூச்சம் இருந்தது. கேட்கவில்லை.

ஒரு காலை தாள் எல்லாம் முடிந்துவிட்டது. பழைய கடித உறைகள், கட்டி முடித்த பில்கள் எல்லாம் போட்டுவைக்கிற லாச்சியைத் திறந்து கிளறினேன். கீழே, பிள்ளையின் பழைய கொப்பிகளுக்கும் அடியில், தடித்த வெண்ணெய் நிறத் தாள் ஒன்று கிடந்தது. பிரெஞ்சில் அச்சடித்த கடிதம். தலைப்பில் ஏதோ சின்னம். இப்படிக் கடிதங்கள் எங்களுக்கு நிறைய வரும். எதையாவது விற்கப் பார்ப்பார்கள். தாளின் தடிப்பு எனக்குப் பிடித்திருந்தது, மடிப்பு நிற்கும் என்று தெரிந்தது. இரண்டு சதுரமாக வெட்டி, மூலைக்கு மூலை பிளந்து நாலு இலை செய்தேன். ஓரத்தில் மிஞ்சியதைக் கீலமாக்கிப் பூசணிக்காயில் சேர்த்தேன். எழுத்துள்ள இலைகள் மற்ற இலைகளுக்கு நடுவில் நன்றாக எடுபட்டன. அவற்றில் ஒன்றை மகள் பள்ளிக்குக் கொண்டுபோய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து, காலையில் பாண் துண்டைக் கடித்துக்கொண்டு யன்னலைப் பார்த்திருந்த மகள் சொன்னாள்:

"அப்பா, இந்த இலையில பெலிசிதாசியோன் எண்டு கிடக்கு."

அந்தச் சொல் அவளுக்குத் தெரியும். டிக்டே என்கிற சொல்வதெழுதல் எல்லாம் சரியாக எழுதினால் ரீச்சர் கொப்பியில் அதைத்தான் எழுதுவா. வாழ்த்து.

"ஆருக்கு?" என்று கேட்டேன்.

அவள் கதிரையில் ஏறி நின்று இலையைத் திருப்பினாள். மடிப்புக்குள் இருந்த எழுத்தை விரலால் விரித்துக் கூட்டி வாசித்தாள்.

"அம்மான்ரை பேர் இருக்கு."

அவளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து மூன்று இலைகளையும் நூலிலிருந்து இறக்கினேன். பசையை நீராவியில் காட்டி மெதுவாகப் பிரித்தேன். பூசணிக்காயைக் கலைத்துக் கீலங்களை எடுத்தேன். மேசையில் அடுக்கிப் பின்பக்கம் செலோடேப் ஒட்டினேன். ஒரு மூலை மட்டும் இல்லை, மகள் பள்ளிக்குக் கொண்டுபோன இலை அது. எனக்கு விளங்கிய சொற்கள் கொஞ்சம்தான். பள்ளி, சனவரி, மாணவி. ஆனால் போதுமாக இருந்தது. இது எதையும் விற்கிற கடிதம் இல்லை. என் மனைவியை ஒரு படிப்புக்குச் சேர்த்துக்கொள்கிறோம் என்று சொல்கிற கடிதம். ஓகஸ்ட் மாதம் வந்திருக்கிறது. நான் கையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கட்டிலில் கிடந்த மாதம்.

பள்ளி விடும் நேரத்துக்கு முன்பே போய் நின்றேன். மகளின் வகுப்புச் சுவரில் பெரிய தாள்மரம் ஒன்று, அதில் முப்பது இலைகளாவது இருக்கும். ரீச்சர் இளம் பெண். என்னிடமிருந்த பிரெஞ்சையெல்லாம் திரட்டி, என் இலை, என் மனைவி, கடிதம் என்று சொன்னேன். அவ இலையை அழகாகச் செய்ததற்கு எனக்கு நன்றி சொன்னா. கடைசியில் மகள்தான் நடுவில் புகுந்து, அப்பா அம்மாவின் கடிதத்தை வெட்டிப்போட்டார் என்று படபடவென்று விளங்கப்படுத்தினாள். ரீச்சர் சிரிக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, மரத்தின் உச்சியிலிருந்த இலையைக் கழற்றி, அங்கேயே பிரித்து வாசித்தா. பிறகு மகளிடம் சொல்ல, மகள் எனக்குச் சொன்னாள்: வருகிற வெள்ளிக்கிழமைக்குள் அம்மா பதில் சொல்லவேண்டும்.

மனைவி வந்தபோது கடிதம் மேசையில் முழுதாக இருந்தது. அவள் கோட்டைக் கழற்றாமலே கதிரையில் இருந்தாள். கையால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். தாள் அலையலையாக இருந்தது. தெரியாமல் வெட்டிவிட்டேன் என்று சொன்னேன். பிறகு கேட்டேன்:

"எப்ப விண்ணப்பம் போட்டனீ இதுக்கு?"

"பங்குனியில. மே மாதம் ஒரு சோதினையும் வைச்சவை. பாஸ் பண்ணினனான்."

முதியோரைப் பராமரிக்கிற வேலைக்கான படிப்பு அது என்று சொன்னாள். அவள் வேலை செய்த இடத்தில், சமையலறைக் கதவுக்கு அந்தப் பக்கம் அந்த வேலை செய்கிறவர்களை ஒவ்வொரு நாளும் பார்த்திருக்கிறாள். சில நேரம் சாப்பாட்டுத் தட்டோடு போய், கை நடுங்குகிற ஒருவருக்கு ஊட்டிவிட்டும் வந்திருக்கிறாள். இதெல்லாம் எனக்குப் புதிது.

"என்னட்டை ஏன் சொல்லேல்லை?"

"சொன்னனான். படிவம் நிரப்பேக்க சொன்னனான். ஓம், பேந்து பாப்பம் எண்டு சொல்லிப்போட்டு நித்திரையாப் போட்டியள்."

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. நான் அந்த நாளை நினைவுபடுத்திப் பார்த்தேன். வரவே இல்லை. அவள் வாழ்க்கையில் பெரிய காரியம் ஒன்று நடந்த நாளில் நான் பக்கத்தில் படுத்திருந்திருக்கிறேன்.

"பேந்து கடிதம் வந்தது. உங்கட கை இப்பிடிக் கிடக்கேக்க நான் என்னெண்டு படிக்கப் போறது? அதுதான் கீழை வைச்சிட்டன்."

போ என்றேன் நான். கைதான் சரியில்லை, கால் இருக்கிறது, பிள்ளையைக் கூட்டிவர, சமைக்க, துணி தோய்க்க என்னால் முடியும் என்றேன். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். பிரெஞ்சில் படிக்கவேண்டும், எழுதவேண்டும், தன்னால் ஏலாது, சும்மா ஒரு ஆசையில் போட்டுப் பார்த்தது என்றாள். எழும்பிப் போய்க் கோட்டைக் கழற்றிக் கொழுவினாள்.

அன்று பின்னேரம் அவள் குசினிக்குப் போகவில்லை. மேசைக்கு வந்து, ஒரு விளம்பரத் தாளை எடுத்து முக்கோணமாக வெட்டினாள். நான் மடித்தேன். அவள் பசை பூசினாள். என் விரல்களால் பிடிக்க முடியாத இடங்களில் எனக்குப் பதிலாக அழுத்தித் தந்தாள். இரண்டு மணித்தியாலம் இருந்திருப்போம். கதைத்தது என்னவோ அவளுடைய வேலைத்தலத்தைப் பற்றித்தான். ஒரு கிழவர் சூப்பை முதலில் மணந்து பார்த்துத்தான் குடிப்பாராம். ஒரு பெண்மணி, என் மனைவியின் பெயர் வாயில் வராததால், அவளை ஒவ்வொரு நாளும் ஒரு பூவின் பெயரால் கூப்பிடுவாவாம். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். என் கூச்சத்தைப் பற்றியும் அன்றைக்குத்தான் கேட்டேன், தாள் மடிக்கிறது உனக்கு வெட்கமாக இருக்கிறதா என்று. அவள் ஆச்சரியப்பட்டாள். களைப்பில் எதையும் நின்று பார்க்க நேரமில்லை, அவ்வளவுதான் என்றாள்.

அடுத்த இரண்டு நாளும் அவள் படிப்பைப் பற்றி எதுவும் பேசவில்லை. வியாழக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டாள்:

"அந்தக் கடிதம் எங்கை வைச்சனீங்கள்?"

வெள்ளிக்கிழமை அவள் லீவு போட்டாள். எனக்குக் கார் ஓட்ட முடியாததால் பஸ்ஸில் போனோம். அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண், கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மடிப்புகளும் செலோடேப்பும் ஊசித் துளைகளுமாக இருந்தது அது. என்ன நடந்தது என்று கேட்டாள். மனைவி பிரெஞ்சில் பதில் சொல்லத் தொடங்கினாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தடக்கினாள், ஒரு சொல்லைத் தேடினாள், கையால் இலை போல மடித்துக் காட்டினாள், மீண்டும் தொடர்ந்தாள். ஒரு இடத்தில் என்னைச் சுட்டினாள். அந்தப் பெண் சிரித்து, உள்ளே இருந்த இன்னொருத்தியையும் கூப்பிட்டாள். மனைவியும் சிரித்தாள். அவளுக்கு இவ்வளவு பிரெஞ்சு தெரியும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தோம். மேப்பிள் மரங்களில் பாதி இலை கொட்டியிருந்தது.

எங்கள் யன்னல் இலைகளில் மஞ்சளில் தோய்த்தவை நவம்பருக்குள் வெயிலில் வெளிறிவிட்டன. மற்றவற்றை முதல் பனி விழுந்த பிறகு கழற்றினோம். என் சுட்டுவிரல் முழுதாக மடங்கவே இல்லை. என்னை அந்தத் தொழிற்சாலையிலேயே பெட்டிகளைச் சரிபார்க்கிற பகுதிக்கு, பகல் வேலைக்கு மாற்றினார்கள். மனைவி படித்து முடித்து, அதே முதியோர் இல்லத்தில் சமையலறைக் கதவுக்கு அந்தப் பக்கம் போனாள்.

ஆனால் அதெல்லாம் பிறகு. சனவரியில் வகுப்புத் தொடங்கிய முதல் நாள், நான் சோறும் பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் வந்து கை கழுவி மேசைக்கு வந்தாள். மகள் எத்தனை பேர் வகுப்பில், ரீச்சர் நல்லவவா, வீட்டுப்பாடம் தந்தவையா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மனைவி எல்லாவற்றுக்கும் ஒரு சொல்லில் பதில் சொன்னாள். பாதிச் சோறு சாப்பிட்ட பிறகுதான் என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"எல்லாரும் பயந்துதான் இருக்கினம். பக்கத்தில இருந்த பொம்பிளைக்குக் கை நடுங்கினது. நான் அவவின்ரை கொப்பியில பேரை எழுதிக் குடுத்தன்."

பிறகு கறிச் சட்டியைத் தன் பக்கம் இழுத்து இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டாள்.