நுஸைபா போட மறந்த குழி

நுஸைபாவுக்கு எதிலும் அவசரம். புதுக்கோட்டையில் அவளோடு ஒரே ஆய்வுக்கூடத்தில் படிக்கும் எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். "நிதானமா செய்யேன்டி" என்றால், "போ ஷர்லி, நீ ஒரு கிழவி" என்பாள். அவர்கள் தெருவிலிருந்து இவ்வளவு தூரம் படிக்க வந்த முதல் பெண் அவள். கோட்டைப்பட்டினத்தில் கருவாட்டுக் கடை வைத்திருக்கும் அவள் அத்தா ராஜா முகமது, கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் மகள் படிப்பைச் சொல்லிப் பூரித்துப்போவார்.

குப்பைமேனி இலையை ஆல்கஹாலில் ஊறவைத்துச் சாறு எடுத்தாள். கிருமி வளர்க்கும் தட்டில் குழி போட்டு அதில் ஊற்றினாள். மறுநாள் குழியைச் சுற்றிக் கிருமியே இல்லை, தெளிவான வட்டம். துள்ளிக் குதித்தவள் அங்கேயே படம் எடுத்து அத்தாவுக்கு அனுப்பினாள். "நம்ம குப்பைமேனி கிருமியக் கொல்லுது அத்தா!" என்று போனிலும் கூவினாள்.

வெளியூர் போயிருந்த பேராசிரியர் ஆத்மநாதன் திரும்பி வர இரண்டு வாரமாயிற்று. "வெறும் ஆல்கஹால் ஊத்துன குழி எங்கம்மா?" என்றார். போட மறந்துவிட்டாளாம்! ஒப்பிட அது இல்லாமல் அதென்ன சோதனை? மறுபடி செய்தோம். இலையே சேராத குழியைச் சுற்றியும் அதே அளவு வட்டம். கிருமியைக் கொன்றது ஆல்கஹால்தான், இலை இல்லை. நுஸைபா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கே பார்க்கச் சகிக்கவில்லை.

அழுதுகொண்டே அத்தாவுக்கு போன் போட்டுச் சொன்னாள்.

"அப்பிடியாம்மா? நான் அந்த எலையத்தானே அரைச்சு கால்ல கட்டிட்டு இருக்கேன். ஆஸ்பத்திரி மாத்திரை இனி எதுக்குன்னு விட்டுட்டேனே."

இயேசப்பா! அவருக்குக் காலில் சர்க்கரைப் புண். கிடைத்த பஸ்ஸில் இருவரும் கோட்டைப்பட்டினம் ஓடி, அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம்.

ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்த டாக்டரம்மாவின் முகம் மாறியது. "ரெண்டு விரல எடுக்கணும். கால் தப்புதான்னு அப்புறம் பாப்போம். யாருங்க எலை கட்டச் சொன்னது?" என்று கத்தினார்.

"நானாத்தாங்க கட்டுனேன். படிப்பில்லாதவன், புத்தி கெட்டுப்போச்சு" என்றார் அத்தா, மகள் பக்கம் திரும்பாமல்.

சுவரோடு ஒட்டி நின்றிருந்த நுஸைபாவுக்கு அவமானத்தில் உடம்பே கூசியது. "இல்ல டாக்டர், நான் சொல்லித்தான் கட்டுனாங்க" என்றாள்.

"நீ என்னம்மா படிச்சிருக்க?"

"எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி."

டாக்டரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

அத்தாதான் கையெடுத்துக் கும்பிட்டார். "சின்னப் புள்ளைங்க, விட்டுருங்க."