கவுன்சிலர் வீட்டுக் காபி

எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியதும் கட்சிக்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள். கூடத்தில் என் கணவரோடு பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அடுப்படியில் காபி கலந்துகொண்டிருந்தேன். வேட்பாளர் நான்தான் என்பது டம்ளர்களைக் கொண்டுபோய் வைத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

"அண்ணி பேரையே குடுத்துடலாம்ணே. அண்ணி கையால காபி குடிக்காதவன் இந்த வார்டுல யாரு இருக்கான்?" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆனாலும் ஓட்டுக் கேட்டுப் போனது எனக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்கு வீடு காபி கொடுத்தார்கள். மறுத்தால் ஓட்டு போய்விடும் என்று கணவர் சொல்லியிருந்ததால் வயிறு எரிய எரியக் குடித்தேன். பின்தெருவில் ஓர் அம்மா டம்ளரைக் கொடுத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மழை பேஞ்சா சாக்கடைத் தண்ணி அடுப்பு வரைக்கும் வருதும்மா. ஜெயிச்சா இதை மட்டும் பண்ணிக் குடு."

"கட்டாயம் பண்றேங்க" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

ஜெயித்தேன். வாழ்த்த வந்தவர்கள் சால்வையை என் கணவருக்குப் போட்டார்கள்.

அதன்பிறகு காலையில் கூடம் நிறைய ஆட்கள். ஒருநாள் காபித் தட்டோடு போனேன். பின்தெருச் சாக்கடையை அப்புறம் பார்க்கலாம், கிரிவலப் பாதையை ஒட்டி லாட்ஜுகள் இருக்கிற தெருவுக்கு முதலில் சிமெண்ட் ரோடு போடலாம் என்று முடிவுசெய்துகொண்டிருந்தார்கள்.

"பின்தெருவுக்குத்தான் முதல்ல செய்யணும். நான் வாக்கு குடுத்திருக்கேன்" என்றேன்.

கணவர் ஒரு டம்ளரை எடுத்து உறிஞ்சினார்.

"சர்க்கரை கம்மியா இருக்கு."

மறுநாள் நான் அடுப்பே பற்றவைக்கவில்லை. கூப்பிடுவார்கள், அப்போது எல்லோர் முன்னாலும் சொல்லிவிடலாம் என்று அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. கடையிலிருந்து பிளாஸ்கில் காபி வந்தது. பேச்சு நிற்கவேயில்லை. போகும்போது ஒருவர், "அண்ணிக்கு உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார்.

"தலைவலியாம்" என்றார் கணவர்.

அடுத்த மன்றக் கூட்டத்தில் எழுந்து பின்தெருவைப் பற்றிப் பேசினேன். கூட்டத்தை நடத்தியவர் பாதியிலேயே கையமர்த்தினார்.

"வீட்ல பேசி ஒரு முடிவுக்கு வாங்கம்மா. அவரு வேற மாதிரி சொல்லியிருக்காரு."

லாட்ஜுத் தெருவுக்கே ரோடு என்று தீர்மானம் போட்டார்கள்.

அன்று சாயங்காலம் கணவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "நாளைக்கு ஆளுங்க ஜாஸ்தியா வராங்க. பால் சேத்து வாங்கிடு" என்றார்.

வாங்கி வைத்தேன்.