இரண்டு கட்டம் தாண்டிய காலாள்

ரசகற்பூர வாசம் அடித்தால் எனக்கு இன்றும் வெட்கம் வந்துவிடும். ஜப்பான்காரன் வருகிறான் என்று எங்கள் ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை பங்களாவைப் போட்டது போட்டபடி விட்டு ஓடியபோது, மற்றவர்கள் உள்ளே புகுந்து அரிசி, சீனி, துணி என்று அள்ளினார்கள். பக்கத்து அலமாரியில் "கொய்னா" மருந்துப் புட்டிகள் நிற்க, பையனான நானோ ரசகற்பூரம் மணக்கும் சதுரங்கப் புத்தகம் ஒன்றைத் தூக்கிவந்தேன். இங்கிலீஷ் தெரியாது, படங்களைப் பார்த்தே ஓர் ஆட்டத் தொடக்கத்தை நெட்டுருப் போட்டேன். கூட ஆட ஆளில்லாததால் என்னோடு நானே ஆடி எல்லா ஆட்டத்திலும் ஜெயித்தேன்.

பிறகு அப்பாவை ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். மரவள்ளிக்கிழங்கைத் தின்று கிடந்த அம்மாவுக்கு "குளிர்காய்ச்சல்" கண்டது. அதைத் தீர்க்கும் கசப்பு மருந்தான கொய்னா எங்கும் கிடைக்கவில்லை. பால் பொங்க வழியில்லாத அந்தப் பொங்கலுக்கு, பக்கத்து ஊரான பாடாங் செராய்க் கடைக்காரர் ஒருவர் பையன்களுக்குச் சதுரங்கப் போட்டி வைத்தார். பரிசு, கறுப்புச் சந்தையில் பிடித்த ஒரு புட்டி கொய்னா.

"சட்டையப் போட்டுக்கிட்டுப் போடா, குளுரும்" என்றாள் அம்மா, பல் கிட்டிக்க.

என்னோடு ஆட வேண்டியவர்கள் காய்ச்சலில் படுத்துவிட்டதால், ஆடாமலே கடைசி ஆட்டத்துக்கு வந்துவிட்டேன். எதிரே சுங்கை லாலாங் தோட்டத்து அந்தோணி, என்னைவிட மூத்தவன். அவன் அப்பாவுக்கும் அதே காய்ச்சல். ராஜாவுக்கு முன்னாலிருந்த காலாளை இரண்டு கட்டம் தள்ளினேன்.

"காலாள் ஒரு கட்டந்தான் போவும், தம்பி" என்றார் கடைக்காரர்.

"புத்தகத்துல ரெண்டு கட்டம் போட்டிருக்குண்ணே."

"தொர வூட்டுக் காலாளுக்குக் காலு நீளம் போல" என்றான் அந்தோணி. கூட்டம் சிரித்தது.

நம்மவர்கள் ஆடுவது நாட்டு ஆட்டம் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. காலாள் ஒரு கட்டம் பின்வாங்கியது, நான் பின்வாங்கவில்லை. மனப்பாடம் செய்ததையே வரிசையாக ஆடினேன். என் காலாள் நிற்க வேண்டிய கட்டத்தில் அவன் காலாள் வந்து நின்று என் குதிரையை விரட்டியது. அடுத்த படத்தை மனத்தில் தேடினேன்; அப்படி ஒரு படம் புத்தகத்திலேயே இல்லை. மந்திரி போனார், ராஜா போனார். புட்டியை அந்தோணி சட்டைக்குள் போட்டுக்கொண்டு ஓடினான்.

மாசி பிறக்குமுன் அம்மா போய்விட்டாள்.

அந்தத் தோட்டத்தில் இப்போது ரப்பருக்குப் பதில் எண்ணெய்ச் செம்பனை நிற்கிறது. பங்களாவில் மிஞ்சியது படிக்கட்டு மட்டும். அம்மாவைப் புதைத்த இடத்தை உத்தேசமாகத்தான் கும்பிட வேண்டியிருக்கிறது. போன வருஷம் கூலிம் பசாரில் அந்தோணியைப் பார்த்தேன். அந்தக் காலாள் மட்டும் இரண்டு கட்டம் போயிருந்தால் அம்மா பிழைத்திருப்பாள் என்று, இத்தனை காலம் யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். அவர் காய்கறிப் பையைக் கீழே வைத்தார்.

"அட நீ வேற. அந்தப் புட்டியில இருந்தது வெறும் மரவள்ளி மாவு லா, தம்பி. நாக்குல வெச்சா கசக்கக்கூட இல்ல. எங்கப்பாவும்தான் போயிட்டாரு. அசல் கொய்னா எல்லாம் தொர பங்களாவுலதான இருந்திச்சு."