விரலை எடுத்தால் நின்றுவிடும்

இடது கால் செருப்பு கழன்று விழுந்தது எனக்குத் தெரியவில்லை. நோர்வூட் போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, பக்கத்திலிருந்தவர் சொல்லித்தான் குனிந்து பார்த்தேன். ஒரு கிழமைக்குள் கால்களும் கைகளும் செயலிழந்தன.

கீலன்-பாரே என்றார் டாக்டர் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்கும் நோய்). "வந்த வேகத்துல போகாது டீச்சர். மெதுவாத்தான் போகும்." மூன்று மாதம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது தோள் அசைந்தது, முழங்கை மடங்கியது. விரல்களில் மட்டும் பலம் இல்லை.

எங்கள் வீடு ரோட்டுக்குக் கீழே. இருபத்தாறு படி ஏறினால்தான் ரோடு. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாருக்கு முடியாமல் போனாலும் நாலு பேர் வந்து நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போவார்கள். என்னையும் தூக்கினார்கள். நல்ல மனிதர்கள். ஆனால் யாரோ ஒருவர் கை இடுப்பில் இருக்கும், சேலை விலகும், இழுத்துவிட என்னால் முடியாது. அவர்கள் வேலை முடிந்து வரும் நேரம்தான் எனக்கு நேரம். நன்றி சொல்லிச் சொல்லி வாய் கசந்துவிட்டது. உங்களுக்கும் அப்படி இருந்தால் அது நன்றிகெட்டதனம் இல்லை.

லிப்ட் போடப்போகிறோம் என்றதும் அவர்களில் மூத்தவர் முகம் வாடிப்போனது. "நாங்க இருக்கோம்தானே டீச்சர். லிப்ட் எதுக்குங்க?"

கொழும்பிலிருந்து விற்பனையாளர் வந்தார். "எத்தன மாடி ஏறணும் சேர்?" என்று என் கணவரிடம் கேட்டார்.

"மாடி இல்லீங்க. வீட்டுல இருந்து ரோட்டுக்கு ஏறணும்."

படியோரம் தண்டவாளம் பதித்து, சக்கர நாற்காலியை ஏற்றிச் செல்லும் மேடையைப் படத்தில் காட்டினார். மழைக்குத் தாங்கும். கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடும். "மெடம்ட வெயிட் எவ்வளவு சேர்?" அதையும் கணவரிடம்தான் கேட்டார். நான் என்ன, தராசில் தொங்கும் கொழுந்துச் சாக்கா?

மாதிரிக்குக் கொண்டுவந்த பட்டன் பெட்டியை என் மடியில் வைக்கச் சொன்னேன். அமுக்கினேன். பச்சை விளக்கு எரிந்து அணைந்தது. மேலே போய்ச் சேரும்வரை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டுமாம், விரலை எடுத்தால் நின்றுவிடுமாம். பாதுகாப்புக்காக. மூன்று தடவை முயன்றேன், விரல் நிற்கவில்லை. லிப்டில் இருந்திருந்தால் மூன்றாம் படியைக்கூடத் தாண்டியிருக்க மாட்டேன்.

"பிரச்சினை இல்ல. வீட்டுல யாராவது இருப்பாங்கதானே" என்றார் விற்பனையாளர்.

"நான் அமுக்கிவிடுறேன்" என்று கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார் என் கணவர்.

எனக்குக் கோபம் வந்தது. "நீங்க அமுக்குறதுக்கு எனக்கு எதுக்குங்க லிப்ட்? அதுக்கு அந்த நாலு பேரே போதும்."

அவர் பேனாவை மூடினார். நான் விற்பனையாளரிடம் முழங்கையைக் காட்டினேன். "என்னையப் பாத்துப் பேசுங்க. இதுதான் வேலை செய்யுது. இதால அமுக்குற மாதிரி கொண்டு வாங்க."

அவர் கொண்டுவந்த பட்டியலின் கடைசிப் பக்கத்தில் அது இருந்தது: முன்கையால் சாய்த்துப் பிடிக்கும் பிடி. வருவதற்கு இரண்டு மாதம் ஆகும். இருக்கும் பட்டனோடே லிப்டைப் பூட்டிவிடலாம் என்று வீட்டில் எல்லோரும் நச்சரித்தார்கள். நான் அசையவில்லை. லிப்ட் பார்க்கும் உங்களுக்கும் இதைத்தான் சொல்வேன். தண்டவாளத்தை மற்றவர்கள் பார்க்கட்டும், பட்டனை நீங்கள் அமுக்கிப் பாருங்கள்.

லிப்டைப் பூட்டிய அன்று பின்னேரம் தனியாக ஏறினேன். பிள்ளைகள் ஒரே ஓட்டத்தில் ஏறும் படிகள். எனக்கு ஒவ்வொரு படியாகக் கடந்தது. மேலே, ரோட்டோரம், மேடையிலேயே இருந்தேன். தூறல் விழுந்தது.

"எங்கம்மா போற?" என்று கீழிருந்து கணவர் கேட்டார்.

எங்கும் போகவில்லை. ஒரு பஸ் போனது, பிறகு இன்னொன்று. என்னை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போக யாரும் காத்துக்கொண்டிருக்கவில்லை. சேலை நனைந்தது. நனையட்டும் என்று இருந்தேன்.