வடிவாகக் கட்டிய மோட்டார் சைக்கிள்

மடுல்சீமையில் தேயிலைத் தோட்டக் கிளாக்கராக இருந்தபோது ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினேன். ஓட்டத் தெரிந்து வாங்கவில்லை, ஆசையில் வாங்கினேன். லைசென்ஸ் பரீட்சை பதுளையில். இரண்டு முறை போய், இரண்டு முறையும் முதல் வளைவிலேயே காலை ஊன்றித் தோற்றேன். பழகும்போது, தோட்டத்தை நிர்வகிக்கும் பெரிய துரையின் ரோஜாப் பாத்திக்குள் வேறு இறங்கியிருந்தேன். மூன்றாம் முறையும் கோட்டை விட்டால் சைக்கிளை விற்றுவிட வேண்டும் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எனக்கோ அதன்மேல் உயிர்.

லைசென்ஸ் இல்லாமல் தெருவில் ஓட்ட முடியாதே. ஆகவே தேயிலைப் பெட்டிகளைப் பதுளை ரயிலுக்குக் கொண்டுபோகும் லொறியில் அதையும் ஏற்றிக்கொண்டு போக ஏற்பாடு. அதைக் கட்டுவதற்கு, தோட்டத்துக் கோயிலில் தேர் சோடிக்கும் தொழிலாளியைக் கூப்பிட்டேன். முடிச்சுப் போடுவதில் கெட்டிக்காரர். நான் யாழ்ப்பாணத்தான். எங்கள் பக்கத்தில் ‘வடிவாக’ என்றால் சரியாக, ஒரு குறையும் இல்லாமல் என்றும் அர்த்தம். அந்த நினைப்பில், “வடிவாக் கட்டுங்கோ, என்ன?” என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன்.

“வடிவாவே கட்டிப்புடுறேங்க ஐயா!” என்றார் அவர்.

திரும்பி வந்து பார்த்தால், பெட்டிகளுக்கு நடுவே ஒரு தேர் நிற்கிறது. முன்சில்லு, பின்சில்லு எல்லாம் செவ்வந்திப் பூ. கைப்பிடியில் மாவிலை. பெட்டிகளோடு சேர்த்துக் கட்டியிருந்தது மூன்று நிறச் சேலைக் கிழிசல்களால், பூப்போன்ற முடிச்சுகள்.

“கயிறு எங்கே?”

“கயிறு பாக்க நல்லால்லீங்க. அவுத்துட்டேன். இப்பதான் வடிவா இருக்கு.”

மிச்சமிருந்த மாலையை என் கழுத்தில் போட்டுக் கும்பிட்டார். அந்த முகத்தைப் பார்த்து எப்படித் திட்டுவது? டிரைவரோ, “ரயில் போயிரும் ஐயா, ஏறுங்க!” என்று ஹோர்னை அமுக்கிக்கொண்டிருந்தார். லொறி புறப்பட்டதும் பூப்போன்ற முடிச்செல்லாம் பூப்போலவே அவிழத் தொடங்கின. வேறு வழியில்லாமல் சைக்கிள்மேல் ஏறி உட்கார்ந்து, இரண்டு பக்கப் பெட்டிகளிலும் காலைக் கொடுத்து, கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டேன். வளைவுக்கு வளைவு முருகனைக் கூப்பிட்டேன்.

பசறைக் கடைத்தெருவில் லொறி மெதுவானபோது ஒரு கடைக்காரர் எட்டிப் பார்த்தார். “மாப்பிள்ளை எந்தத் தோட்டம்?”

மாலையைக் கழற்றக் கையை எடுத்தால் சைக்கிள் சாய்ந்துவிடும். மாப்பிள்ளையாகவே பதுளை போய்ச் சேர்ந்தேன். மைதானத்தில் என்னையும் சைக்கிளையும் இறக்கிவிட்டு லொறி ஸ்டேஷனுக்குப் போய்விட்டது.

பரீட்சை அதிகாரி மேலும் கீழும் பார்த்தார். “என்ன ஐசே, கலியாணமோ?”

“இல்லை சேர், பரீட்சை.”

ஏறி ஓட்டினேன். என்ன அதிசயம், தரை ஆடாமல் நின்றது! விறைத்துப்போன கைகள் கைப்பிடியை விடவில்லை. கால் கீழே வரவே மறந்துவிட்டது. பூ உதிர உதிர மூன்று சுற்றுச் சுற்றினேன். அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். நானும் கண்ணைத் துடைத்தேன், ஆனால் சிரிப்பால் அல்ல.

அன்று என்னைப்போல் சந்தோஷப்பட்டவன் பதுளையில் இருந்திருக்க மாட்டான். இனி மடுல்சீமை வரைக்கும் நானே ஓட்டலாம், எந்தப் பொலிசும் மறிக்க முடியாது. ஆனால் வழியிலுள்ள வளைவுகள் அத்தனையையும் லொறி மேலிருந்து பார்த்துவிட்டேனே. லைசென்ஸைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சைக்கிளை உருட்டியபடியே ஸ்டேஷனுக்குப் போய், பெட்டி இறக்கி முடித்திருந்த டிரைவரிடம் கேட்டேன்: “திரும்பிப் போகேக்கை இடம் இருக்கோ, அண்ணை?”